ரோபோ கார் இருக்கட்டும், முதலில் மழையை அளப்போம்

தபாலில் வரும் ரோபோ கார் பெட்டியைத் திறந்தால் மஞ்சள் மோட்டார், சக்கரங்கள், ஒரு ஊனோ போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்ன ஆர்டுயினோ பலகை), அதன் கட்டளைப்படி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சிவப்பு நிற மோட்டார் டிரைவர், ஒரு கைப்பிடி வயர். யூடியூப்பைப் பார்த்துப் பூட்டிவிடலாம், புரோகிராமையும் எங்கிருந்தாவது எடுத்துப் போட்டுவிடலாம். அதன் பிறகுதான் வினை. மேசையில் இரண்டு அடி ஓடும், நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கோளாறு மோட்டாரிலா, பேட்டரியிலா, டிரைவரிலா, வயரிலா, புரோகிராமிலா? இந்த ஐந்தில் ஒன்றைக்கூடத் தனியாக வைத்துப் பழகாதவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மலையகத்தில் இருந்து பழக ஆரம்பிப்பவர்களுக்குப் பொருத்தமான முதல் வேலை, தானே எண்ணும் மழைமானி. அசையும் பாகம் ஒன்று, சுவிட்ச் ஒன்று, எண்ணிக்கை ஒன்று. சோதிக்கத் தேவையான மழையும் வாசலிலேயே கிடைக்கிறது. இது என்ன ரோபோவா என்று கேட்கலாம். உணர்கிறது, கணக்குப் போடுகிறது, வரம்பு தாண்டினால் கத்துகிறது. சக்கரம் இல்லாததுதான் குறை.

அதற்குப் பயனும் உண்டு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்ததை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணித்தியால மழையைத்தான் முதலில் பார்க்கிறது: 75, 100, 150 மில்லிமீற்றர் என்று படிப்படியாக. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் செய்த மானி குறைவாகக் காட்டுகிறது என்பதற்காக, வெளியேறச் சொல்லும்போது வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. அது முந்திக் கத்தினால் கவனியுங்கள். சும்மா இருந்தால் அதை நம்பாதீர்கள்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. ஊனோ போர்டு ஒன்று, அசல் இத்தாலிக்காரர்களுடையதாக இருக்க வேண்டியதில்லை, யூ.எஸ்.பி. இணைப்புக்கு சி.எச். 340 சிப் வைத்த நகல் போதும், கணினியில் அந்தச் சிப்புக்கான டிரைவர் மென்பொருளை மட்டும் போட வேண்டியிருக்கலாம். ஈயம் வைக்காமல் துளையில் செருகியே சுற்றுக் கட்டும் பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் வயர், 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் தடையிகளில் பத்துப் பத்து, சிவப்பு எல்.இ.டி. ஐந்து, சின்ன பஸர் ஒன்று, காந்தம் கிட்ட வந்தால் மூடும் ரீட் சுவிட்ச் மூன்று (ஒன்று உடையும், அது நிச்சயம்), சின்னக் காந்தம் இரண்டு. இவற்றோடு ஒரு மலிவான டிஜிட்டல் மல்டிமீட்டர். காசு போதவில்லை என்றால் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், மீட்டரைக் குறைக்காதீர்கள். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் வாங்கி வரலாம். இணையக் கடைகளும் வீட்டுக்கு அனுப்புகின்றன.

யூ.எஸ்.பி. கேபிளில் ஒரு பொறி இருக்கிறது. போன் சார்ஜ் பண்ண மட்டும் செய்யப்பட்ட கேபிள்களில் தரவு போகும் இரண்டு கம்பிகளும் இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ அப்படி ஒன்று செருகியிருப்பதே தெரியாது. போர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். லேப்டாப் இல்லாதவர்கள் ஆர்டுயினோட்ராய்ட் செயலியையும் போனில் யூ.எஸ்.பி. கேபிளைச் செருக உதவும் ஓ.டி.ஜி. இணைப்பியையும் வைத்து போனிலிருந்தே புரோகிராம் ஏற்றலாம். சாமான் வந்து சேரும்வரை டிங்கர்காட், வோக்வி என்ற இணையத்தளங்கள் இரண்டிலும் திரையிலேயே சுற்றுக் கட்டிப் பழகலாம். இரண்டுக்கும் காசு இல்லை.

முதல் நாள் மழைமானியைத் தொட வேண்டாம். ஒரு எல்.இ.டி. போதும். ஊனோவின் முனையிலிருந்து (வயர் செருகும் பின்) வருவது 5 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 2 வோல்ட். மிச்சம் 3 வோல்ட்டைத் தடையி தாங்க வேண்டும். 3ஐ 220 ஆல் வகுத்தால் 0.0136, அதாவது 13 மில்லி அம்பியருக்குச் சற்று மேலே. ஊனோவின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி அம்பியருக்குள் எடுப்பதே நல்லது, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. தடையி இல்லாமல் நேராகக் கொடுத்தால் எல்.இ.டி. மட்டுமல்ல, அந்த முனையும் போகலாம். அப்படி ஒரு முனை போன போர்டு மற்ற எல்லா வேலையும் சரியாகச் செய்து உங்களைக் குழப்பும்.

220 ஓம் என்றால் சிவப்பு, சிவப்பு, கபிலம், பொன். 10 கிலோ ஓம் கபிலம், கறுப்பு, செம்மஞ்சள், பொன். ஐந்து வளையம் உள்ள நீல நிறத் தடையிகளில் கபிலமும் சிவப்பும் செம்மஞ்சளும் ராத்திரி வெளிச்சத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். நிறத்தோடு மல்லுக்கட்டாமல் மீட்டரில் வைத்து அளந்துவிடுங்கள். அளக்கும்போது தடையி சுற்றில் இருக்கக் கூடாது. இரண்டு காலையும் இரண்டு கை விரலாலும் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. பெரிய தடையிகளில் உடம்பின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். மீட்டரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் விட்டுவிட்டு மறந்துபோய் வோல்ட் அளப்பது இன்னொரு வழக்கமான தவறு. அது அளப்பதே இல்லை, நேராக ஷோர்ட் பண்ணுகிறது.

பிரெட்போர்டில் ஐந்து ஐந்து துளையாக உள்ளே இணைந்திருக்கும், நடுப் பள்ளத்தைத் தாண்டி இணைப்பு இல்லை. நீளமான போர்டுகள் சிலவற்றில் ஓரத்தில் போகும் சிவப்பு, நீலக் கோடுகள் பாதியில் அறுந்திருக்கும். கோடு அறுந்திருந்தால் உள்ளே தகடும் அங்கே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒரு தடவை முழுப் போர்டையும் தடவிப் பாருங்கள், பத்து நிமிட வேலை.

அடுத்தது சுவிட்ச். ஆரம்பிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு முனையை இன்புட் என்று சொல்லிவிட்டு, சுவிட்ச் மூடினால் 5 வோல்ட் வரும்படி கட்டுகிறார்கள். மூடும்போது சரி. திறந்திருக்கும்போது? அந்த முனை எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. கையைக் கிட்டக் கொண்டுபோனாலே மாறும், பக்கத்து வயரில் ஓடும் கரண்டுக்கும் மாறும். பிறகு "சென்சர் பழுது" என்று கடைக்காரரோடு சண்டை. மருந்து எளிது: புரோகிராமில் இன்புட் என்று எழுதும் இடத்தில் இன்புட் புல்லப் என்று எழுதுங்கள். சிப்புக்குள்ளேயே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் தடையி முனையை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுவிட்சின் ஒரு காலை அந்த முனையிலும் மறு காலை கிரவுண்டிலும், அதாவது 0 வோல்ட் முனையிலும், கொடுங்கள். இப்போது எல்லாம் தலைகீழ்: மூடினால் லோ (0 வோல்ட்), திறந்தால் ஹை (5 வோல்ட்). இது மனதில் பதியும்வரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி போர்டுப் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.

இனி மானி. மேலே புனல், அதன் கீழே தராசு போல இரண்டு பக்கமும் ஆடும் ஒரு குட்டி வாளி. வாளியின் நடுவில் ஒரு தடுப்பு, அதனால் அறை இரண்டு. மேலே நிற்கும் அறையில் தண்ணீர் நிறைந்ததும் அந்தப் பக்கம் கவிழ்ந்து கொட்டும், மற்ற அறை மேலே வந்து நிறைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு கவிழ்வுக்கும் வாளியில் ஒட்டிய காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்து போகும். கடந்தால் ஒரு எண்ணிக்கை.

புனலின் வாய் உள்விட்டம் 11.3 சென்றிமீற்றர் என்றால் பரப்பு 100 சதுர சென்றிமீற்றர், கணக்கு சுத்தமாக வரும்: ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 10 மில்லிலீற்றர் தண்ணீர். வாளி 5 மில்லிலீற்றருக்கு ஒரு முறை கவிழ்ந்தால் ஒரு கவிழ்வு அரை மில்லிமீற்றர். வேறு அளவுப் புனல்தான் கிடைத்தது என்றாலும் பிரச்சினை இல்லை. 14 சென்றிமீற்றர் என்றால் பரப்பு 154, மில்லிமீற்றருக்கு 15.4 மில்லிலீற்றர்.

வாளிக்கு ஐஸ்கிரீம் டப்பாவின் பிளாஸ்டிக் போதும். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமாக வெட்டி மடித்து, நடுத் தடுப்பை எபொக்சிப் பசையால் ஒட்டுங்கள். சூட்டுப் பசை வழவழப்பான பிளாஸ்டிக்கில், அதுவும் ஈரத்தில், சில வாரத்தில் உரிந்து வரும். அச்சுக்கு ஒரு துண்டு சைக்கிள் கம்பி, அது சுழல காலியான பேனாக் குழாய். அச்சு வாளியின் அடிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் வாளி கவிழாது, பாதியில் சமநிலையாக நின்று தண்ணீரை இரண்டு பக்கமும் வழியவிடும்.

இரண்டு ஓரத்திலும் வாளி வந்து உட்கார ஒவ்வொரு திருகாணி வையுங்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இடது திருகாணியை உயர்த்தினால் வாளி இடப்பக்கம் சாய்வது குறையும். அப்போது மேலே நிறைந்துகொண்டிருப்பது வலது அறை. சாய்வு குறைந்ததால் அது குறைந்த தண்ணீரிலேயே கவிழ்ந்துவிடும். அதாவது இடது திருகாணி வலது அறையின் அளவை மாற்றுகிறது. இது தெரியாமல் திருகினால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெட்டு, பொழுது போய்விடும்.

ரீட் சுவிட்ச் கண்ணாடிக் குழாய். காலை வளைக்கும்போது கண்ணாடியை ஒட்டினாற்போல் குறடால் பிடித்துக்கொண்டு, குறடுக்கு வெளியேதான் வளைக்க வேண்டும். வெறும் விரலால் வளைத்தால் டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். காந்தத்தை வாளியின் நடுவில் ஒட்டி, இடது வலது இரண்டு ஓரத்திலும் ஓய்வாக நிற்கும்போது சுவிட்ச் திறந்தும், கடக்கும் அந்தக் கணத்தில் மட்டும் மூடியும் இருக்கும்படி இடம் பாருங்கள். மீட்டரின் பீப் சத்தத்தை வைத்தே இதை முடிக்கலாம், ஊனோ தேவையில்லை. ஒரு கவிழ்வுக்கு இரண்டு பீப் கேட்டால் காந்தம் தவறான கோணத்தில் இருக்கிறது. கால் வட்டம் திருப்பி ஒட்டுங்கள்.

அளவு பார்க்க, 200 மில்லிலீற்றர் தண்ணீரை அடியில் ஊசித் துளையிட்ட போத்தலில் ஊற்றிப் புனலுக்கு மேல் வையுங்கள். சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய இருபது நிமிடமாவது ஆகட்டும். ஒரேயடியாக ஊற்றினால் வாளி கவிழும் நேரத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போகும்; அடைமழையில் இந்த வகை மானிகள் குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். 40 கவிழ்வு வர வேண்டும். 36 தான் வந்தால் திருகாணியோடு போராடாதீர்கள். 200ஐ 36 ஆல் வகுத்தால் 5.56, ஆகவே ஒரு கவிழ்வு 0.556 மில்லிமீற்றர். அந்த எண்ணைப் புரோகிராமில் போட்டுவிடுங்கள். இரண்டு அறையும் ஏறத்தாழ ஒரே அளவில் கவிழ்ந்தால் போதும்.

புரோகிராம் இருபது வரிதான். முனை 2 இன்புட் புல்லப். அது ஹையிலிருந்து லோவுக்கு மாறி, கடைசி எண்ணிக்கைக்குப் பிறகு அரை வினாடியும் கடந்திருந்தால் ஒன்று கூட்டு. கூட்டிய மழை நீங்கள் வைத்த வரம்பைத் தாண்டினால் பஸரைக் கத்தவிடு. அந்த அரை வினாடி எதற்கென்றால், ரீட் சுவிட்சின் தகடுகள் மூடும்போது ஒரு முறை தொட்டு நிற்பதில்லை, துள்ளும். ஊனோ அந்தத் துள்ளலை எல்லாம் தனித்தனியாக எண்ணிவிடும். மணிக்கு 100 மில்லிமீற்றர் என்று கொட்டினாலும் கவிழ்வுகளுக்கு இடையே 18 வினாடி இருக்கும், அதனால் அரை வினாடி ஒதுக்குவதில் நட்டமில்லை.

நேரத்தை மில்லிஸ் கட்டளையால் (போர்டு ஓட ஆரம்பித்ததிலிருந்து போன மில்லி வினாடியைச் சொல்வது) எடுத்து ஒரு மாறியில் வைக்க வேண்டும். அந்த மாறியை இன்ட் என்ற முழு எண் வகையாக எழுதுகிறவர்கள் ஏராளம். ஊனோவில் இன்ட் 32,767க்கு மேல் பிடிக்காது. மில்லி வினாடியில் அது 32 வினாடி சொச்சம். அரை நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி எண்ணும் புரோகிராம் என்றால் முதலில் இதைப் பாருங்கள். அன்சைன்ட் லாங் என்ற பெரிய வகைக்கு மாற்றினால் 49 நாளுக்கு மேல் தாங்கும். இன்னொன்று, புரோகிராமை அப்படியே காக்கவைக்கும் டிலே கட்டளையை எங்கேயும் போடாதீர்கள். ஒரு வினாடி டிலேயில் ஊனோ தூங்கிக்கொண்டிருக்கும்போது காந்தம் கடந்து போய்விடும், எண்ணிக்கை விடுபடும். கணினித் திரையில் எழுத்துக்குப் பதில் குப்பை விழுந்தால் போர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் சீரியல் வேகம் இரண்டு பக்கமும் 9600 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். புரோகிராம் ஏறவே மறுத்தால் முனை 0, 1இல் எதையாவது சொருகியிருப்பீர்கள். ஏற்றும் பாதை அதுதான்.

கரண்ட் போய் வந்தால் எண்ணிக்கை சைபராகும். அதைக் காக்க, கரண்ட் போனாலும் அழியாத ஈப்ரொம் நினைவகத்தில் எழுதலாம், ஆனால் ஒரே இடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை எழுதத்தான் உத்தரவாதம். லூப் சுற்றும் ஒவ்வொரு முறையும் எழுதினால் அது நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். மணிக்கு ஒரு முறை எழுதினால் பதினொரு வருடம். நாள் கணக்கைக் காலை 8.30க்கு முடியுங்கள், வளிமண்டலவியல் திணைக்களமும் 8.30 வரையிலான 24 மணித்தியாலத்தைத்தான் சொல்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

எங்கே வைப்பது? லயக் காம்பராவின் தகரக் கூரை ஓரம் வேண்டவே வேண்டாம், தெறிப்பும் உள்ளே வரும். பக்கத்தில் இருக்கும் மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி, மட்டப் பலகை பிடித்துச் சமமாக வையுங்கள். புனல் வாயில் கொசுவலைத் துண்டு. இலையும் எறும்பும் அடைத்தால் மழை கொட்டும், மானி சைபர் காட்டும்.

மானியிலிருந்து வீட்டுக்குள் பத்து மீற்றர் வயர் இழுக்கும் ஆசை வரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இங்கே எப்படி இடிக்கிறது என்று தெரியும்தானே. மின்னல் பக்கத்தில் எங்கோ விழுந்தாலே அந்த நீள வயரில் ஊனோவைக் கொல்லப் போதுமான வோல்ட் தூண்டப்படும், வயரின் மறுமுனை லேப்டாப்பில் இருந்தால் அதற்கும் ஆபத்து. ஊனோவையும் பேட்டரியையும் மானிப் பெட்டிக்குள்ளேயே வைத்து, இடி ஓய்ந்த பிறகு போய்ப் பாருங்கள். பவர் பேங்க் சரிவராது. ஊனோ இழுப்பது 50 மில்லி அம்பியர் அளவுதான், யாரும் செருகவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். ஏ.ஏ. அல்கலைன் ஆறை வரிசையாகப் போட்டு 9 வோல்ட்டை ஊனோவின் விஇன் முனையில் (வெளி பேட்டரிக்கானது) கொடுத்தால் ஒன்றரை நாள் போகும். கனமழை அறிவிப்பு வரும் நாட்களுக்கு அது போதும்.

பனியும் ஈரமும் பிரெட்போர்டுக்கு ஆகாது, தொடுமுனைகள் பச்சை பூத்துவிடும். வெளியே வைப்பதை வெறோபோர்டில் (செப்புப் பட்டி ஒட்டிய துளைப் பலகை) ஈயம் வைத்து ஒட்டுங்கள். 30 வோட் ஈயம் ஒட்டும் இரும்பு, 0.8 மில்லிமீற்றர் ஈயம். இரும்பு நுனி செப்பையும் காலையும் சேர்த்து இரண்டு மூன்று வினாடி சூடாக்க வேண்டும், ஈயத்தை அந்தச் சூட்டில் உருகவிட வேண்டும். இரும்பில் உருக்கி அப்பினால் மங்கலான உருண்டையாக நிற்கும், ஆட்டினால் கழன்றுவிடும். குளிருக்கு யன்னலைச் சாத்திக்கொண்டு இந்த வேலை செய்யாதீர்கள், புகை பொல்லாதது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மழைமானிக்குப் பிறகு பி.எம்.பி. 280 என்ற காற்று அமுக்க சென்சரைச் சேர்க்கிற யோசனை வரும். புத்தகத்தில் கடல் மட்டத்துக்கு 1013 ஹெக்டோபஸ்கால் என்றிருக்க, நுவரெலியாவில் 808 பக்கமும் ஹட்டனில் 870 பக்கமும் காட்டும். சென்சர் சரியாகத்தான் இருக்கிறது, நாம்தான் உயரத்தில் இருக்கிறோம். வெப்பச் சென்சரைக் கொதிநீரில் வைத்து 100 வருகிறதா என்று பார்ப்பவர்களுக்கும் இதே கதைதான். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் காரை எடுக்கலாம். மோட்டார் நின்றுபோகும்போது ஒவ்வொன்றும் ஒரு அம்பியரைத் தாண்டி இழுக்கும். பெட்டியோடு வரும் சதுர 9 வோல்ட் பேட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. சிவப்பு எல் 298 என் டிரைவர் தன் பங்குக்கு 2 வோல்ட்டை விழுங்கும், 6 வோல்ட் போட்டால் மோட்டாருக்குப் போவது 4. டி.பி. 6612 வகை டிரைவர் இதைவிட மேல். மறுபடி சார்ஜ் பண்ணக்கூடிய 18650 லித்தியம் பேட்டரி இரண்டை வரிசையாகப் போடலாம், ஆனால் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்திருப்பதைத் தொடாதீர்கள். அந்த அளவில் நல்லதே 3500 பக்கம்தான் வரும். மோட்டாருக்குத் தனி பேட்டரி போட்டால் அதன் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிரைவருக்குக் கட்டளை புரியாது.

மேசையில் ஓடும் கார் வாசல் ஏற்றத்தில் ஏன் திணறுகிறது என்பதும் கணக்குத்தான். ஒரு கிலோ கார், 15 பாகைச் சரிவு: பின்னால் இழுக்கும் விசை 2.5 நியூட்டன். சமதரையில் உராய்வை மட்டும் வென்றால் போதும், இங்கே அதற்கு மேல் இது. மோட்டார் வேகம் இழக்கும், மின்னோட்டம் ஏறும், பேட்டரி வோல்ட் சரியும், ஊனோ மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பார்க்க வேண்டுமா, ஊனோவின் 5 வோல்ட் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு ஓடும் சக்கரத்தை ஒரு வினாடி கையால் பிடியுங்கள். 4.5க்குக் கீழே விழுந்தால் புரோகிராமை மூடிவிட்டு பேட்டரியை மாற்றுங்கள்.